பதினாலாம் நம்பர் சாயம்

என் ஸ்டுடியோவின் இருட்டறையை என் மனைவி பிடுங்கிக்கொண்டாள் என்று நான் சொன்னால் சலோமிக்குக் கோபம் வரும். "கேட்டுத்தானே எடுத்துக்கிட்டேன்" என்பாள். கேட்டாள்தான். ஆனால் அவள் கேட்ட நேரத்தில் மெட்ராசிலிருந்து வந்த மரப்பெட்டி லாரியை விட்டு இறங்கி என் வாசலுக்கு வந்திருந்தது. இரண்டு ஆட்கள் அதைத் தூக்கிப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில், யோசித்துச் சொல்கிறேன் என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

இது 1984-ல். காரைக்கால் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டுடியோ. பெயர் மரியசெல்வம், ஊருக்கு ஸ்டுடியோ செல்வம். சலோமி கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தாள். வேலை பார்த்துக்கொண்டே மெட்ராசில் பேராசிரியர் கைலாசநாதனிடம் டாக்டர் பட்டத்துக்குப் பதிவு செய்து, அதை வருஷா வருஷம் நீட்டித்து வந்தாள். இனி நீட்டிக்க வழியில்லை, இதுவே கடைசி என்று சொல்லித்தான் பேராசிரியர் அந்தப் பெட்டியை அனுப்பியிருந்தார். வருஷ முடிவுக்குள் அவள் எதையாவது கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பெட்டி மெட்ராசுக்குத் திரும்பும், அவள் ஆராய்ச்சிக்கும் மங்களம் பாடிவிட வேண்டியதுதான்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு மைக்ராஸ்கோப், அதோடு சேர்ந்த ஒரு விசேஷ விளக்கு. அந்த விளக்கிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத அல்ட்ரா வயலட் கதிர். அது பட்டால் சில சாயங்கள் மட்டும் இருட்டில் ஒளிரும். அதைப் பார்க்கக் கும்மிருட்டு வேண்டும். கல்லூரியின் ஆய்வுக்கூடமோ பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டடம், சுவரை விட ஜன்னல் அதிகம். ஊரிலேயே நல்ல இருட்டு என்னிடம்தான் இருந்தது.

அன்றிலிருந்து நான் என் இருட்டறையில் குடக்கூலிக்காரன் ஆனேன். மேஜையின் ஒரு மூலையில், அவளிடம் அனுமதி வாங்கி, படம் கழுவினேன். அந்த விளக்கை ஒருமுறை அணைத்தால் ஆறவிட்டுத்தான் திரும்ப ஏற்ற வேண்டும். காரைக்கால் மின்சாரத்துக்கோ நினைத்தபோது போவது வழக்கம். ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் சலோமி கதவைத் திறந்துகொண்டு வந்து, நான்தான் ஃபியூஸைப் பிடுங்கினவன் என்பதுபோல என்னை முறைப்பாள்.

எங்களோடு என் தங்கை டெய்சியும் இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்று அவளே முடிவு செய்து, அதை எல்லோரையும் ஒப்புக்கொள்ளவும் வைத்தவள். ஸ்டுடியோவின் உடுப்புப் பிரிவு அவள் கையில். சின்னப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு எங்கள் ஊரில் படம் எடுத்தே ஆக வேண்டும். வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளை மல் துணியில் முக்காடு, கையில் மெழுகுவர்த்தி. எல்லா வீட்டிலும் தைக்க முடியாது என்பதால் ஐந்தாறு ஜோடி நாங்களே வைத்திருந்தோம். இந்த விஷயத்தில் எங்கள் தாய்மார்களுக்கு விட்டுக்கொடுக்கும் குணம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முக்காடு தன் பிள்ளையுடையதை விட ஒரு மாற்று வெளுப்பாக இருந்துவிட்டால், எடுத்த படத்தை வாங்கவே வரமாட்டார்கள். டெய்சி துவைத்த முக்காட்டில் அந்தக் குறை வந்ததில்லை.

சலோமி தேடியது என்ன என்பதை டெய்சியிடம் சொன்னபோதுதான் எனக்கும் புரிந்தது. என்னிடம் அவள் சொல்லும்போது நான் தலையாட்டுவதோடு சரி.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு நூல் இருக்குல்ல, அது ரெண்டு இழையா முறுக்கிக்கிட்டு இருக்கும். எப்பவும் வலப்பக்கமாதான் முறுக்கு. ஆனா சில எடத்துல இடப்பக்கமா திரும்பி முறுக்கிக்கும்னு வெளிநாட்டுல கண்டுபிடிச்சிருக்காங்க. சோதனைக்குழாயில பார்த்தாச்சு. நெசமான செல்லுக்குள்ள அப்படி இருக்கா, இருந்தா எங்க இருக்குன்னு பார்க்கணும்."

"இடது கைக்காரி பின்னின சடை மாதிரியா அண்ணி?"

"அதேதான்."

"அவ்ளோ சின்னதுல வலது எது, இடது எதுன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் சாயம். இடப்பக்கம் முறுக்கின எடத்துல மட்டும் போய் ஒட்டிக்கிற மாதிரி சார் ஒரு சாயம் செய்யப் பார்க்கிறாரு. ஒட்டின எடம் நீலமா மின்னும்."

பேராசிரியர் அப்படிச் செய்த சாயங்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எதுவும் தேறவில்லை. பல ஒட்டவே இல்லை. ஒட்டியவை எல்லா இடத்திலும் ஒட்டி, எதையும் காட்டாமல் விட்டன. செல்லுக்கு அவள் எடுத்துக்கொண்டது மீன் ரத்தம். நம் ரத்தத்தின் சிவப்பு அணுவில் டி.என்.ஏ. கிடையாதாம், மீனுடையதில் உண்டாம். கருக்களாச்சேரியிலிருந்து மீன்காரர் முத்தையன் உயிரோடு கெளுத்தி கொண்டுவந்து வாளியில் விடுவார். "டீச்சரம்மா, கொழம்புக்குக் கேட்டா செத்ததே போதும். நீங்க என்ன உசுரோட கேக்குறீங்க" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். சலோமியும் ஒவ்வொரு தடவையும் விளக்குவாள். ஒரு சொட்டு ரத்தம் எடுத்த பிறகு அந்தக் கெளுத்தி டெய்சியின் சட்டிக்குப் போகும். ஆராய்ச்சியில் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

பதினாலாம் நம்பர் சாயம் ஏப்ரலில் வந்தது. அதே சமயத்தில், ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் வைக்கும் கண்ணாடிச் சில்லுகளைத் துடைக்க மெட்ராசிலிருந்து வரும் மெல்லிய லென்ஸ் தாள் தீர்ந்துபோனது. டெய்சி ஒரு பழைய முக்காட்டை எடுத்து, கிழித்து, மடித்து அண்ணியிடம் கொடுத்தாள். பஞ்சு மாதிரி மெத்தென்ற துணி. சலோமிக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஒரு வாரம் கழித்து, மத்தியான நேரம், நான் ஒரு கல்யாண ஜோடியை உட்காரவைத்து மாப்பிள்ளையின் முகவாயைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்தேன். சலோமி இருட்டறையிலிருந்து வெளியே வந்து, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். மாப்பிள்ளை முகவாயைத் தூக்கியபடியே இருந்தார்.

குனிந்து பார்த்தேன். கன்னங்கரேல் என்ற இருட்டு. அதில் மங்கலாக, முட்டை முட்டையாக மீனின் செல்கள். அவற்றின் மேல் அங்கங்கே நீல நட்சத்திரங்கள். நான் எத்தனையோ படம் எடுத்தவன், அப்படி ஒரு நீலத்தைப் பார்த்ததில்லை. செல்லுக்கு வெளியேயும் சில நட்சத்திரங்கள் கிடந்தன. அவை உடைந்துபோன செல்லிலிருந்து வந்தவை என்று சலோமி சொன்னாள். சந்தோஷமாக இருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடும்.

அன்றைக்கே மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டாள். தயார் செய்த சில்லுகளைப் பஞ்சில் சுற்றி ஆள் மூலம் அனுப்பினாள். பேராசிரியரும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். ஜூன் மாதம் ஐதராபாத்தில் ஒரு மாநாடு, பதினாலாம் நம்பரைப் பற்றி அங்கே பேசப்போகிறேன், அதற்கு முன்னால் காரைக்காலுக்கே வந்து உங்கள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன், வரும் ஞாயிற்றுக்கிழமை என்றார். சலோமி போனை வைத்துவிட்டு டெய்சியைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் கழித்து அவள் முகத்தில் அந்தக் களையைப் பார்க்க எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் டாக்டர் பட்டம் கிடைத்த மாதிரி இரண்டு நாள் வீதியில் நடந்தேன்.

புதன்கிழமை எல்லாம் கவிழ்ந்தது. பேராசிரியர் வரும்போது பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்காக, சாயமே போடாத ஒரு சில்லையும் தயார் செய்தாள். அதில் ஒன்றும் தெரியக்கூடாது. லென்ஸ் தாள் இருந்த நாளில் செய்து பார்த்தபோது தெரியவும் இல்லை. இப்போது அதிலும் நட்சத்திரம். ரத்தமே இல்லாமல் வெறும் தண்ணீரை வைத்துப் பார்த்தாள். அதிலும்.

"சாயமும் இல்ல, மீனும் இல்ல, அப்புறம் எதுங்க மின்னுது?" என்றாள்.

அன்றைக்கும் மறுநாளும் நாங்கள் அந்தக் கதிருக்குக் காட்டாத பொருளில்லை. தண்ணீரை மாற்றினோம், கண்ணாடியை மாற்றினோம். படம் கழுவும் மருந்துகளின் மேல் சந்தேகப்பட்டு என் பாட்டில்களையெல்லாம் ஹாலுக்குக் கடத்தினாள். என் தலையில் தடவும் எண்ணெயைக்கூட விடவில்லை. எதுவும் அந்த நீலத்தைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் சில்லை அந்த முக்காட்டுத் துணியால் நன்றாக, இன்னும் நன்றாக, அழுத்தித் துடைத்தாள். நட்சத்திரங்கள் கூடிக்கொண்டே போயின.

வியாழன் மத்தியானம் குரும்பகரத்திலிருந்து ஒரு தாயும் பெண்ணும் புதுநன்மைப் படத்துக்கு வந்தார்கள். முக்காட்டில் குத்த ஊசி தேடி டெய்சி இருட்டறைக்குள் நுழைந்தாள். முக்காடு அவள் தோளில் கிடந்தது. எரியும் பல்பை நேராக்குவதற்காகச் சலோமி அப்போதுதான் விளக்கின் பக்கத்து மூடியைத் திறந்து வைத்திருந்தாள். டெய்சி குறுக்கே போனாள். அவள் தோள் முழுக்கக் குபீரென்று நீலமாய்ப் பற்றிக்கொண்டது.

"சேசு மரி சூசையே" என்று டெய்சி முக்காட்டைத் தூக்கி எறிந்தாள். அது படம் கழுவும் என் ஹைப்போ தொட்டியில் விழுந்து, அங்கேயும் மின்னியது.

சலோமி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையிலிருந்த துடைக்கிற துணியைக் கதிருக்கு நேரே பிடித்தாள். அதே நீலம்.

"டெய்சி, இதுல என்ன போட்டுத் தொவைக்கிற?"

"கடையில டப்பாவுல விக்கிதே, வெள்ளைத் துணிக்குப் போடுற பொடி. வெயில்ல பளிச்சுன்னு இருக்கும் அண்ணி. எல்லாரும் ஒரு சிட்டிகை போடுவாங்க, நான் மூணு போடுவேன்."

வெயிலிலும் கொஞ்சம் அல்ட்ரா வயலட் உண்டாம். அதை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் அந்தப் பொடியின் வேலை என்று சலோமி விளக்கினாள். துணியிலிருந்து உதிர்ந்த நூல் துணுக்குகள்தான் நட்சத்திரமாகச் சில்லில் உட்கார்ந்திருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். டெய்சியும் சிரித்தாள். குரும்பகரத்துத் தாய் கதவிடுக்கில் எட்டிப்பார்த்தாள். சிரித்து முடித்துச் சலோமி சமையலறைக்குப் போய் அழுதாள். அன்றைக்கு வெங்காயம்கூட நறுக்கவில்லை.

சில்லுகளை எரிசாராயத்தில் கழுவி, நெருப்பில் வாட்டி, துணியே படாமல் பதினாலாம் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். வெறும் இருட்டு.

நான் அப்போது சொன்னதை இப்போதும் மாற்றிக்கொள்ளத் தயாரில்லை.

"பேசாம இரு சலோமி. அவரு வரட்டும், நட்சத்திரத்தைப் பார்க்கட்டும், சாப்பிட்டுப் போகட்டும். இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள பதினஞ்சு வந்துடும், பதினாறு வந்துடும். அப்ப மெதுவா சொல்லிக்கலாம். இப்ப சொன்னா வெளக்கு போயிடும்."

"ஐதராபாத்துல அத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி சார் நின்னுக்கிட்டு, டெய்சி தொவைச்ச துணியைப் பத்திப் பேசுவாரு. அதை நான் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கணுமா?"

"அவரு பாடு அது."

"அதெப்படிங்க அவரு பாடு? அவரு என் கண்ணை நம்பித்தானே பேசப்போறாரு."

பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும். பட்டணத்துக்காரர் ஒருவருக்காக நீ உன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கத்தினேன். சனிக்கிழமை, யாரும் கேட்காமலேயே, விளக்கு வந்த மரப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்தாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் கடற்கரைப் பக்கம் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து நாங்கள் வரும்போதே பேராசிரியர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உயரமானவர், மெல்லிய குரல். மீன் ரத்தத்தோடு இத்தனை நாள் போராடும் மனிதர் மீன் சாப்பிடமாட்டார் என்பதால் டெய்சி வத்தக்குழம்பு வைத்திருந்தாள். அவர் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

"முதல்ல காட்டுங்க சலோமி" என்றார்.

"காட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார்" என்று இவள் ஆரம்பித்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முக்காடு, பொடி, டெய்சி, ஹைப்போ தொட்டி எதையும் விடவில்லை. டெய்சி சமையலறை நிலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

அவர் நம்பவில்லை. இருட்டறைக்குள் போனார். சாயம் இருந்து துணி படாத சில்லைப் பார்த்தார். துணி பட்டு சாயம் இல்லாத சில்லைப் பார்த்தார். மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "இல்லம்மா, ஏதோ தப்பு பண்றீங்க" என்றார். "உங்க சில்லை மட்டும் வச்சு நான் முடிவு பண்ணலை. உங்க சில்லைப் பார்த்ததுமே மெட்ராஸ்ல என்கிட்ட ஆராய்ச்சி பண்ற பசங்க மூணு பேருக்கும் பதினாலைக் கொடுத்தேன். அங்க இருக்கற பழைய விளக்கை வச்சு, தவளை ரத்தத்துல பாருங்கன்னேன். நாலே நாள்ல மூணு பேரும் தெரியுது சார்னுட்டாங்க."

எனக்கு உயிர் வந்தது. "பாத்தியா" என்று சலோமியின் தோளைத் தட்டினேன். அவள் குழம்பிப்போய் நின்றாள். அவள் கண்ணில் ஓர் ஆசை எட்டிப்பார்த்ததை நான் கவனித்தேன். ஆனாலும் கேட்டாள்.

"அவங்க எதால தொடைச்சாங்க சார்?"

"லென்ஸ் பேப்பர்தான். அதை விட்டா வேற எதையும் நான் தொட விடறதில்லை."

"துணியே படலையா?"

"படலை."

"அப்ப நான் சுத்தமா செஞ்சதுல எனக்கு ஏன் சார் தெரியலை? என் கண்ணுல ஏதாவது கோளாறா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுபடியும் சுத்தமான சில்லை வைத்து நெடுநேரம் குனிந்திருந்தார்.

"நானும் போய்ப் பார்த்தேன்" என்றார் குனிந்தபடியே. "அந்தப் பசங்க சில்லுல. முதல்ல ஒண்ணும் தெரியலை. பக்கத்துல நின்னவன், அந்த ஓரத்துல சார், நல்லா பாருங்கன்னான். பார்த்தேன். லேசா தெரியற மாதிரி இருந்தது. எனக்கே தெரிஞ்சது சலோமி."

எனக்கு விஷயம் மெதுவாகத்தான் உறைத்தது. இங்கேயாவது நட்சத்திரம் என்று ஒன்று இருந்தது, நூல் துணுக்காகவாவது. அங்கே அதுவும் இல்லை.

அவர் வெளியே வந்து மீதிக் காப்பியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது, டெய்சி வேறு கொண்டுவரப் போனபோது வேண்டாமென்று கையமர்த்தினார். கூடத்தில் தயாராக நின்ற மரப்பெட்டி அவர் கண்ணில் பட்டது.

"இது எதுக்கு?"

"வெளக்கைத் திருப்பி அனுப்பத்தான் சார்" என்றாள் சலோமி. "வருஷத்துக்குள்ள ஏதாவது தெரியணும்னு சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் தெரியலை."

அதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கவில்லை.

"நான் என்ன பார்க்கணும்னு ஆசைப்படறேனோ, அதைப் பார்க்கறதுக்கு அங்க மூணு பேர் இருக்காங்க" என்றார். "அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஒண்ணுமில்லைன்னு வந்து நின்னா நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறவன். அது தெரிஞ்சுதான் தெரியுதுன்னிருக்காங்க. அந்த விளக்கை அவங்ககிட்ட கொண்டுபோய் வச்சா இன்னும் நல்லாவே தெரியும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னும் ரெண்டு வருஷம் உங்க இருட்டறை கிடைக்குமா? பதிவை நீட்டிக்கச் சொல்லி நானே போய்ப் பேசறேன்."

என் இருட்டறை, என் மேஜை, என் படம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். "நாலு வருஷம்னாலும் வச்சுக்குங்க சார்" என்றேன்.

சலோமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினஞ்சு வந்தா அதுலயும் தெரியலைன்னா, தெரியலைன்னுதான் சார் சொல்லுவேன்" என்றாள்.

"அதுக்குத்தானேம்மா விளக்கை இங்க விட்டுட்டுப் போறேன்" என்றார் அவர், இலை போட்டிருந்த பக்கம் நடந்தபடி.